யமபுஷிகளோடு மலையேறலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. செப்டம்பர் நடுவில் கணவருடன் ஜப்பான் போகிறேன். வெள்ளை உடையில் சங்கு ஊதி மலையேறும் யமபுஷிகள் என்ற மலைத்தவசிகளோடு சில நாள் தவப் பயிற்சி செய்ய ஆசை. ஓமினே மலையா, ஹகுரோ மலையா? சுத்த சைவம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன்.

பதில்: ஹகுரோதான். ஓமினேயில் உங்களை விடமாட்டார்கள். நாரா மாகாணத்திலுள்ள அந்த மலையின் சான்ஜோகதாகே சிகரத்துக்கு (1,719 மீட்டர்) பெண்கள் ஏற இன்றும் தடை. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகும் அது நீங்கவில்லை. உங்கள் கணவர் வேண்டுமானால் போகலாம். மேலே ஒரு செங்குத்துப் பாறையில் ஆளைக் கயிற்றில் கட்டித் தலை கீழாகத் தொங்கவைத்து, ஒழுங்காக நடந்துகொள்வாயா என்று அதட்டிக் கேட்பார்கள். அதற்குத் துணிச்சல் இல்லையென்றால் அடிவாரத்துத் தொரோகவா ஊரின் வெந்நீர் ஊற்றுகள் அவருக்கு உத்தமம்.

ஹகுரோ, வடக்கே யமகதா மாகாணத்தில் தேவா சன்சான் எனப்படும் மூன்று மலைகளில் ஒன்று. உயரம் 414 மீட்டர்தான். ஆனால் தேவதாரு மரங்களுக்கிடையே 2,446 கல்படிகள். இங்கே நடக்கும் 'இலையுதிர்காலச் சிகரம்' என்ற தவம்தான் யமபுஷிகள் பின்பற்றும் ஷுகெண்டோ என்ற மலைத்தவ மரபின் பெரிய பயிற்சி. அதில் சேருபவர் செத்துப்போனதாகக் கணக்கு: வெள்ளை உடை சவத்துக்கு உடுத்துவது, மலை தாயின் கருப்பை, இறங்கி வருவது மறுபிறப்பு. நடுவே நரகம் முதலான நிலைகளைக் கடக்க வேண்டும். மூடிய மண்டபத்தில் மிளகாய் கலந்த புகை போடுவார்கள். ஆஸ்துமா இருப்பவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

பெயர் ஒன்றானாலும் இதை நடத்துவோர் இரு தரப்பு. மெய்ஜி அரசு 1868இல் புத்தத்தையும் ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவையும் பிரித்தது. இரண்டும் கலந்த ஷுகெண்டோவை 1872இல் தடையே செய்தது. அதனால் இன்று ஷோசென்-இன் என்ற புத்தக் கோயில் ஒன்று நடத்துகிறது. தேவா சன்சான் என்ற ஷிண்டோ ஆலயம் இன்னொன்று நடத்துகிறது. புத்தக் கோயிலில் பெண்களைச் சேர்ப்பார்கள். ஷிண்டோ ஆலயத்தில் பெண்களுக்கென்று தனிப் பயிற்சி உண்டு. இலையுதிர்காலச் சிகரம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும், எனவே உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அரை வயிற்று உணவு, நள்ளிரவு வழிபாடு, பகலெல்லாம் மலை நடை. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளில் சிலவற்றைப் போட்டுக்கொண்டு இப்படிப் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். குரு எதைச் சொன்னாலும் 'உகெதமோ', அதாவது 'ஏற்கிறேன்' என்பதே அங்கே பதில். மயக்கம் வருகிறது என்று சொல்லக் கூசுகிற இடத்துக்கு நோயோடு போகாதீர்கள்.

உங்களுக்கு ஏற்றது, மலையடிவாரத் தோகே கிராமத்தின் யாத்திரை விடுதிகளில் தங்கி, யமபுஷி ஒருவர் வழிகாட்டும் குறுகிய பயிற்சியில் சேர்வது. யமபுஷிகள் எல்லாரும் முழுநேரத் துறவிகள் அல்லர். குடும்பமும் தொழிலும் உள்ளவர்களே பெரும்பாலோர். ஆங்கிலத்தில் நடத்துவோரும் இருக்கிறார்கள். வெள்ளை உடையும் உண்டு, உகெதமோவும் உண்டு; பேச்சும் கைப்பேசியும் இருக்காது. பயிற்சியில் மூன்று மலைகளில் இன்னொன்றான 1,984 மீட்டர் உயரக் காஸ்ஸானும் சேர்ந்திருந்தால், உங்கள் மருத்துவர் சரி என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே நடை பல மணி நேரம், வானிலையும் சட்டென்று மாறும்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் உஷார். 'ஷோஜின்' எனும் கோயில் உணவு சைவம். மலைக்கீரை, மூங்கில் குருத்து, எள் தோஃபு கிடைக்கும். ஆனால் எல்லா விடுதியிலும் ஷோஜின்தான் என்று நினைத்துவிடாதீர்கள், மீனும் வைப்பார்கள். மீன் துண்டு இல்லாத சூப்பிலும் மீன் சாறு இருக்கலாம். 'சைவம்' என்று மட்டும் எழுதாமல், மீன் சாறும் கூடாது என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். மாத்திரை விவரமும் அதிலேயே போகட்டும். குளுக்கோஸைப் பையில் வைக்காமல் இடுப்பில் கட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள். மருந்துச் சீட்டு மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப்போனால் ஜப்பான் அரசின் முன் அனுமதி வேண்டும்.