சொத்துவரியும் ரியல் எஸ்டேட் லாபியும்: சில கேள்விகள்

கேள்வி: எங்கள் நகரில் சொத்துவரி விகிதம் பல வருடமாக மாறவே இல்லை. அப்படியானால் ரியல் எஸ்டேட்காரர்களின் தலையீடு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

விகிதத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதில் கை வைத்தால் மறுநாளே செய்தியாகிவிடும். லாபி, அதாவது தங்களுக்குச் சாதகமான விதிகளுக்காக அரசிடம் அழுத்தம் தரும் கூட்டம், மெனக்கெடுவது வேறு இடத்தில்: சொத்தை எப்படி மதிப்பிடுவது, எப்போது மறுமதிப்பீடு, யாருக்கு விலக்கு.

கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்துவரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது; சொத்து கைமாறினால்தான் சந்தை விலைக்கு வரும். வீடு விற்றால் இதில் குழப்பமில்லை. நிறுவனத்தின் பெயரில் உள்ள கட்டடம் என்றால், ஒரே தரப்பு பாதிக்கு மேல் பங்கு வாங்கினால்தான் அது கைமாறியதாகக் கணக்கு. சாண்டா மோனிகாவில் 2006-இல் கைமாறிய ஒரு சொகுசு ஓட்டலை மூன்று தரப்பாகப் பிரித்து வாங்கினார்கள்; ஒருவர் பங்கும் பாதியைத் தாண்டவில்லை. மறுமதிப்பீடு செய்யப் பார்த்த வரி அதிகாரிகள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதே ஊரில் புதிதாக வீடு வாங்கியவர் முழு விலைக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார். பெரிய வணிகச் சொத்துகளைச் சந்தை விலைக்குக் கொண்டுவர முயன்ற 15-ஆம் முன்மொழிவும் 2020-இல் 52-க்கு 48 என்ற கணக்கில் தோற்றது.

கேள்வி: வரி ஏறினால் வாடகை ஏறும் என்கிறார்களே?

பாதி உண்மை. கட்டடத்துக்கு வரி கூடினால் புதிதாகக் கட்டுவது குறையும், மெல்ல அது வாடகையில் வந்து விடியும். நிலம் அப்படியில்லை, வரிக்குப் பயந்து அது சுருங்காது, சுமை பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான்.

சரி, வரி குறைந்தால் வாடகை குறையுமா என்று திருப்பிக் கேளுங்கள். 13-ஆம் முன்மொழிவின் முன்னணிப் பிரசாரகர் ஹோவர்ட் ஜார்விஸ், லாஸ் ஏஞ்சலிஸ் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தில் சம்பளம் வாங்கியவர். வாடகை இறங்கும் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். பல உரிமையாளர்கள் குறைக்கவில்லை. அந்தக் கோபத்திலேயே சாண்டா மோனிகா 1979-இல் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு வாக்களித்தது.

கேள்வி: வரிச்சலுகை இல்லாமல் மலிவான வீடு யார் கட்டுவார்கள்?

சலுகையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் கவலை. நியூயார்க்கில் புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கான 421-ஏ என்ற சொத்துவரிச் சலுகை 1971-இல் தொடங்கியது. 2015-இல் அதை நீட்டித்தபோது, கட்டுமானக் கூலி பற்றி ரியல் எஸ்டேட் வாரியமும் (பெயர்தான் வாரியம், ரியல் எஸ்டேட்காரர்களின் சங்கம் அது) தொழிற்சங்கத் தரப்பும் பேசி முடித்தால்தான் திட்டம் தொடரும் என்று நிபந்தனை போட்டார்கள். பேச்சு முறிந்தது, 2016 ஜனவரியில் திட்டமே நின்றது. மக்கள் வரிப்பணத்தின் சாவி இரண்டு தனியார் தரப்புகளிடம்! 2017-இல் அது வேறு பெயரில் திரும்ப வந்தது தனிக்கதை.

கேள்வி: இதெல்லாம் லஞ்சம்தானே?

பெரும்பாலும் இல்லை, சட்டப்படியே நடக்கிறது. சலுகையால் பல கோடி மிச்சமாகிறவர் வழக்கறிஞரோடு மன்றக் கூட்டத்துக்கு வருவார். ஆண்டுக்குச் சில நூறு கூடுதலாகக் கட்டுகிறவர் அதற்காக லீவு போடமாட்டார்.

கேள்வி: தனி ஆளாக நான் எதைப் பார்க்கலாம்?

உள்ளாட்சியின் ஆண்டு நிதியறிக்கையில் கடைசிக் குறிப்புகளை. அமெரிக்காவில் 2015-இல் வந்த 77-ஆம் கணக்கியல் விதிப்படி, வரிச்சலுகை ஒப்பந்தங்களால் கைவிட்ட தொகையை அங்கே காட்ட வேண்டும். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லையென்றால், பட்ஜெட் கூட்டத்தில் அந்தத் தொகையையும், சலுகை எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.