ஏரி வண்டலில் பாசிக்குக் கிடைக்கும் பாஸ்பரஸை எப்படி அளப்பது?

வயல் மண்ணுக்குச் செய்யும் ஓல்சன் முறையையே ஏரி வண்டலுக்கும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஓர் எண் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன்.

ஓல்சன் முறை, மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸை அளக்க 1954-இல் வந்தது: பி.எச். 8.5 உள்ள 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட்டில் அரை மணி நேரம் குலுக்குவது. ஏரியில் நிலைமை வேறு. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் வண்டலில் உள்ள ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறிக் கரைகிறது. அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் நீருக்குள் வந்துவிடுகிறது. இன்று பூட்டிக் கிடப்பது சில வாரங்களில் பாசிக்கு உணவாகலாம்.

அதனால் படிப்படியாகப் பிரித்தெடுப்பதுதான் சரி. ஒரே வண்டல் மாதிரியை முதலில் அமோனியம் குளோரைடு கரைசலில் குலுக்கினால் தளர்வாக ஒட்டிய பாஸ்பரஸ் வரும். அடுத்து பைகார்பனேட்-டைதயோனைட், இரும்போடு சேர்ந்ததற்கு. அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தில் வரும், கால்சியத்தோடு சேர்ந்த பாஸ்பரஸ் பங்கு பெரும்பாலும் எளிதில் நகராது. முதல் இரண்டு பங்குகளைத்தான் நான் உன்னிப்பாகப் பார்ப்பேன்.

முக்கியமான ஒன்று: வண்டலை உலர்த்திவிடாதீர்கள். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பங்குகளே மாறிவிடும். ஈரமாகவே, குளிரில், காற்றுப் படாமல் வைத்திருந்து சீக்கிரம் செய்யுங்கள். ஈரப்பதத்தை, தனியாக எடுத்த சிறு பகுதியை 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கரைசலில் வந்த பாஸ்பேட்டை மாலிப்டினம் நீல முறையில் (பாஸ்பேட் இருந்தால் நீல நிறம் வரும்), 880 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். டைதயோனைட் அந்த நிறத்தைக் கெடுக்கும். எனவே அந்தக் கரைசலில் மட்டும் முதலில் காற்றைக் குமிழவிட்டு டைதயோனைட்டை நீக்கிவிடுங்கள்.