முதலாளியின் நம்பிக்கையும் உங்கள் காப்பீடும்

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் ஐ.யு.டி. (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலாளியின் மத நம்பிக்கைக்கு ஒத்துவராது, அதனால் நம் காப்பீட்டில் கருத்தடை கிடையாது என்கிறார் எச்.ஆர். அதிகாரி. வெளியே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். இது சட்டப்படி சரியா?

பதில்: சகோதரி, எச்.ஆர். வாய்வார்த்தையை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

அமெரிக்காவில் 2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தடைக்குப் பெண்களிடம் பணம் வாங்கக்கூடாது. இதை எதிர்த்து ஹாபி லாபி என்ற கடை நிறுவனம் வழக்குப் போட்டது. ஒரு சிலர் கையில் மட்டும் பங்குகள் உள்ள நிறுவனம் மத நம்பிக்கையைக் காட்டி விலகலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் உடன்படவில்லை. ஐ.யு.டி. செலவு, குறைந்தபட்சக் கூலிக்காரரின் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது என்று எழுதினார். நானும் அவர் பக்கம்தான். காப்பீடு முதலாளி போடும் தர்மம் அல்ல, உங்கள் உழைப்புக்கான கூலியில் ஒரு பங்கு. சம்பளப் பணத்தில் என்ன மாத்திரை வாங்கினீர்கள் என்று அவர் கேட்க முடியாது. இதில் மட்டும் எப்படிக் கேட்கலாம்?

விலக்கை இன்னும் அகலமாக்கிய 2018 மத்திய விதிகளை, 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு மாவட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. ஹாபி லாபி தீர்ப்பு அதனால் போய்விடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கலிபோர்னியா சட்டத்தில் மத விலக்கு தேவாலயம் போன்ற அமைப்புகளுக்குத்தான், வியாபார நிறுவனத்துக்கு இல்லை. ஒரு கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் கேட்டபோதுகூட 2004-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் உங்கள் நிறுவனம் காப்பீட்டை வெளியே ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியிருந்தால்தான் இது செல்லும். மருத்துவச் செலவை நிறுவனமே தன் பணத்தில் கொடுக்கிறது என்றால், 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்துக்குத் தடை போட்டுவிடும். அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதை நம்பாதீர்கள். அவர்கள் வெறும் கணக்குப் பார்ப்பவர்களாக இருக்கலாம்.

அதனால் திட்டத்தின் முழு விவர ஆவணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். வெளியே வாங்கிய காப்பீடு என்று தெரிந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். மறுத்தால் காப்பீட்டைக் கண்காணிக்கும் மாநிலத் துறையில் புகார் கொடுங்கள். நிறுவனத்தின் சொந்தத் திட்டம் என்றால், கருத்தடைச் செலவை மட்டும் வேறொருவர் ஏற்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், அதிக ரத்தப்போக்குக்காகவும் டாக்டர் ஹார்மோன் ஐ.யு.டி.யைப் பரிந்துரைத்திருந்தால், அந்தக் காரணத்தைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்போது அது கருத்தடை அல்ல, சிகிச்சை என்று வாதாட இடமுண்டு. மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் உண்டு. அந்தக் கடிதத்தையும் ஆவணத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.