மாஸ்டர் வளர்த்த ஓர்கிட்களை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் பூச்செடி வளர்க்கும் பன்னிரண்டு பேர். எங்களுக்கு இந்தக் கலையைக் கற்றுத்தந்த மாஸ்டர் மூன்று மாதத்துக்கு முன் காலமானார். அவருடைய முப்பது சாடி சிம்பிடியம் என்ற ஓர்கிட் வகையையும் இரண்டு குறிப்புக் கொப்பிகளையும் மகள் எங்களிடம் தருகிறார். எல்லாவற்றையும் கோயில் வளவில் வைத்துப் பெயர்ப்பலகை போடலாம் என்று சிலரும், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?
- வாசகி, தலவாக்கலை

பதில்: மாஸ்டரை இழந்த துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். செடிகளைப் பிரியுங்கள். ஒரே இடத்தில் நெருக்கி வைத்தால் மழைக்காலத்தில் ஒரு சாடியில் விழும் கறுப்பழுகல் நோய், தெறிக்கும் தண்ணீரோடு மற்றவற்றுக்கும் போய்விடும். பன்னிரண்டு வீட்டில் இருந்தால் ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் இன்னொரு வீட்டில் அதே செடி இருக்கும்.

பூ உதிர்ந்து, புதுத் தளிர் இரண்டு அங்குலம் வந்ததும் பிரிக்கலாம். மே மாதத் தென்மேற்கு மழைக்கு முன் முடித்துவிடுங்கள். வெட்டுக்காயம் ஆறுவதற்குள் மழை பிடித்தால் வேர் அழுகும்.

முதல்நாள் தண்ணீர் ஊற்றி வையுங்கள், வேர் வளைந்துகொடுக்கும். செடியைக் கழற்றிப் பழைய கலவையை உதறிக் கழுவினால் குமிழ்கள் (இலையடியில் பருத்திருக்கும் தண்டுகள்) கோத்த கிடைத்தண்டு தெரியும். ஒரு பங்கில் இலையுள்ள குமிழ் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அதில் ஒரு புதுத் தளிரும் வேண்டும். எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று ஒற்றைக் குமிழாக வெட்டினால் இரண்டு மூன்று வருடம் பூவே பார்க்கமாட்டீர்கள்.

இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டியது கத்திதான். சிம்பிடியத்துக்கு வரும் வைரஸ், வெட்டும் அலகில் ஒட்டும் சாற்றோடு அடுத்த செடிக்குப் போகிறது, அதற்கு மருந்து கிடையாது. முப்பது சாடிக்கும் ஒரே கத்தி என்றால் மாஸ்டரின் சேகரிப்பு முழுவதையும் ஒரே நாளில் கெடுத்துவிடலாம். செடிக்கொரு புது பிளேட் எடுங்கள், அல்லது ஒவ்வொரு செடிக்குப் பின்னும் அலகை நெருப்பில் சுடுங்கள். புது இலையில் வெளிர்மஞ்சள் கோடும் பழைய இலையில் கறுத்த திட்டும் உள்ள செடியைத் தொடாமல் தனியே வையுங்கள். வெட்டிய முகத்தில் மட்டும் கறுவாத்தூள் பூசுங்கள், வேரில் பட்டால் வேர் காய்ந்துவிடும்.

கலவைக்குக் கரித்துண்டு இரண்டு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு, நறுக்கிய பொச்சுமட்டை ஒரு பங்கு போதும். மட்டையை மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய குமிழ் சாடி விளிம்போடு ஒட்டியிருக்க, புதுத் தளிரின் முன்னால் இரண்டு விரல் இடம் விடுங்கள். பெரிய சாடி வேண்டாம், நடுவில் ஈரம் தேங்கும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் இலைக்கு மட்டும் தெளியுங்கள். அடுத்த பருவம் பூக்காவிட்டால் பதறாதீர்கள், பிரித்த செடி முதலில் வேர்தான் விடும்.

தாழ்வான, குளிர் குறைந்த கம்பளைப் பக்கம் இருப்பவருக்குப் பெரிய பூ வகையைக் கொடுக்காதீர்கள். இரவுக் குளிர் இல்லாமல் அது மொட்டுத்தண்டு விடாது, இலை மட்டும் செழிக்கும். இலையில்லாத பழைய குமிழ்களையும் எறியாதீர்கள். ஈரப்பாசியில் நிழலில் வைத்தால் பல துளிர்க்கும். பூக்க மூன்று நான்கு வருடமாகும் என்பதால் அவற்றைக் குழுவின் இளையவர்களுக்குக் கொடுங்கள்.

பெயர்ப்பலகைக்குப் பதில் ஒவ்வொரு சாடியிலும் பெயர் இருக்கட்டும். மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துவிடும். சோடா டின்னைக் கீற்றாக வெட்டி, விளிம்பை மடித்து, பழைய பத்திரிகை மேல் வைத்து, போல்பொயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மை போனாலும் பள்ளம் நிற்கும். செடியின் பெயர், மாஸ்டரின் பெயர், பிரித்த திகதி மூன்றும் வேண்டும். ஒரு பிரதியைக் கலவைக்குள்ளும் புதையுங்கள்.

கொப்பிகளை லெமினேட் செய்யவேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பன்னிரண்டு பேரும் வைத்திருங்கள். மூலக் கொப்பிகள் மகளிடமே இருக்கட்டும். அவர் விரும்பும் சாடி ஒன்றைப் பிரிக்காமல் அவருக்கே முதலில் ஒதுக்கிவிட்டு, மற்றதில் கைவையுங்கள்.