ஒரு ரூபாயில் ஏலம் விடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் பேரணாம்பட்டில் சின்னதாகத் தோல் பட்டறை வைத்திருக்கிறார். ஆர்டர் கொடுத்தவர் கைவிரித்துவிட்டதில் 140 பெல்ட் தேங்கிக் கிடக்கிறது. அடக்கமே ஒன்றுக்கு 210 ரூபாய். ஆன்லைனில் 1 ரூபாய்க்கு ஏலத்தை ஆரம்பித்தால் விலை தானாக ஏறும் என்கிறான் நாத்தனார் மகன். மாமனார் பெட்டியில் உருது மாதிரி எழுத்து உள்ள வெள்ளிக் காசு நான்கு இருக்கிறது, அதையும் சேர்த்து விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: பெல்ட்டை ஏலம் விடாதீர்கள் அம்மா. காசை விடலாம், ஆனால் அவசரம் வேண்டாம்.

பையன் சொல்வது முழுப் பொய் இல்லை. 1995-இல் அமெரிக்காவில் ஈபே என்கிற ஆன்லைன் ஏலத் தளம் தொடங்கியபோது அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு! உடைந்ததைச் சேகரிக்கிற ஒரு ஆசாமி வாங்கிக்கொண்டார். அதற்குக் கடையில் என்ன விலை எழுதி ஒட்டுவீர்கள்? ஒட்ட முடியாது இல்லையா, அங்கேதான் ஏலம் வேலை செய்யும். பொருள் ஒன்றே ஒன்று, விலை யாருக்கும் தெரியாது, ஆசைப்படுகிறவர் குறைந்தது இரண்டு பேர். இரண்டாவது ஆள் முக்கியம், விலையை ஏற்றிவிடுகிறவர் அவர்தான்.

உங்களிடம் இருப்பதோ ஒரே மாதிரி 140. முதல் பெல்ட் 90 ரூபாய்க்குப் போனது என்று வையுங்கள், அடுத்ததற்கு 95 கொடுக்க எவன் வருவான், பின்னால் இன்னும் 138 வரிசையில் நிற்பது தெரியும்போது? பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் 1 ரூபாய்க்கு ஆரம்பித்தால் 40 ரூபாயில் நின்றாலும் நிற்கும், நின்ற விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இன்னொன்று, இந்தியாவுக்கென்று இருந்த ஈபே தளம் 2018-இல் மூடியாகிவிட்டது. இப்போது நாம் வாங்குகிற பெரிய தளங்களில் எல்லாம் நிலையான விலைதான். 320 ரூபாய் என்று போட்டு விற்கப் பாருங்கள், இல்லாவிட்டால் டஜன் டஜனாகக் கட்டி வேலூர் கடைகளுக்குக் கொடுங்கள்.

ஆனால் ஏலத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், பையனிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கையாலேயே தைத்த பை ஒன்று, அதுபோல இன்னொன்று கிடையாது என்கிற மாதிரி, அதை மட்டும் வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ ஏலம் விடுங்கள். தையலைக் கிட்டத்தில் படம் எடுங்கள், உள் லைனிங்கைத் திருப்பிக் காட்டுங்கள், ஓரத்தில் கீறல் இருந்தால் அதையும் காட்டுங்கள். ஆரம்ப விலையை அடக்கத்துக்குக் கீழே வைக்காதீர்கள். ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு முடிவு, கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் 9 மணி 1 நிமிடத்துக்கு வந்தவர் சண்டைக்கு நிற்பார். பை ஒருவருக்குத்தான் போகும். கேட்டுக் கிடைக்காமல் போன ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களே, தோல் பொருள் வாங்கப் பணத்தோடு வந்தவர்கள், பெல்ட்டை அவர்களிடம் காட்டுங்கள்.

பொய்கை மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள், மனதில் உள்ள தொகை மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஈபே மாதிரித் தளத்திலும் அப்படித்தான். ஒருவர் 3,000 வரை போகலாம் என்று ரகசியமாகப் பதிந்து வைக்கிறார், அடுத்தவர் 2,200 வரை. தளமே முதலாமவருக்காக அடுத்தவரைவிட ஒரு படி மட்டும் ஏற்றிக் கேட்கும், ஒரு படி 50 ரூபாய் என்றால் அவருக்கு 2,250-க்கே கிடைத்துவிடும்.

ஆள் வைத்து விலை ஏற்றலாம் என்று மட்டும் யோசனை வேண்டாம். நானே ஒரு குழுவில் பழைய டிரான்சிஸ்டரை விட்டபோது நண்பனைக் கேட்கச் சொன்னேன், நிஜமாகக் கேட்டவர் 1,400-இல் ஒதுங்கிக்கொண்டார், ஏலம் நண்பன் தலையில் விழுந்தது. டிரான்சிஸ்டர் இன்னும் என் அலமாரியில்தான். தளங்களில் இதற்குக் கணக்கையே முடக்குவார்கள்.

காசுக்கு வருவோம். அது உருதுவாக இல்லாமல் பாரசீகமாக இருக்கலாம். நம் ஆற்காட்டின் பெயரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வெள்ளி ரூபாய் அடித்தார்கள், பிறைக் குறி இருந்தால் பிரெஞ்சுக்காரர் அடித்ததாக இருக்கலாம். நாணய ஏலம் நடத்தும் நிறுவனங்கள் ஆன்லைனிலும் விலை கேட்க விடுகின்றன, இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, எடை போட்டு, இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள், கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தாலும் நீங்கள் அனுப்பக்கூடாது. பெட்டியில் இருந்ததாகச் சொல்கிறீர்கள், சரி. கொல்லையில் தோண்டும்போது கிடைத்தது என்றால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். "உங்கள் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021-இல் அந்த வங்கியே எச்சரித்தது.

அப்புறம், படம் எடுப்பதற்கு முன் விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் வெள்ளியில் நாள்பட்டுப் படிந்த கறுப்பைத்தான் தேடுகிறார்கள், தேய்த்த காசுக்கு விலை குறைந்துவிடும்.