பெட்டியில் 120, உள்ளே 60: டிவி வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. வாரநாள்களில் கேம், விடுமுறையில் படம். 55 அங்குலத்தில் இரண்டு டிவிகள் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டின் பெட்டியிலும் 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1 என்றே அச்சிட்டிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல் ஒன்றரை மடங்கு. அப்படி என்னதான் வித்தியாசம்?

பதில்: விலை குறைந்த டிவியின் பேனல் 60 ஹெர்ட்ஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெட்டியில் இருக்கும் 120 என்ற எண்ணுக்கு மூன்று பொருள் இருக்கலாம். முதலாவது, பேனலே நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது. நமக்கு வேண்டியது அதுதான். இரண்டாவது, 'மோஷன் ரேட்' போன்ற பெயர்களில் வரும் விளம்பர எண். படத்தை மென்மையாகக் காட்டும் மென்பொருள் வேலைக்கு நிறுவனமே வைத்துக்கொள்ளும் மதிப்பெண் அது. மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும்: டூயல் லைன் கேட், சுருக்கமாக டிஎல்ஜி. 4கே பேனல் 60 ஹெர்ட்ஸில்தான் ஓடும். 120 கேட்டால், இரண்டிரண்டு கிடைக்கோடுகளைச் சேர்த்து ஒரே தகவலைக் காட்டி வேகத்தை இரட்டிப்பாக்கும். மேலிருந்து கீழான துல்லியம் பாதியாகிவிடும். இது மோசடி இல்லை. துப்பாக்கிச் சண்டை கேம்களில் அசைவு உண்மையிலேயே மென்மையாகும். ஆனால் 4கேயும் 120ம் ஒருசேரக் கிடைக்காது.

எச்டிஎம்ஐ என்பது கன்சோலைக் கேபிள்வழி டிவியோடு இணைக்கும் முறை. அதில் '2.1' என்ற எழுத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பழைய 2.0 போர்ட்டின் கொள்ளளவு நொடிக்கு 18 கிகாபிட், 2.1இன் உச்சம் 48. ஆனால் எச்டிஎம்ஐ தரத்தை வகுப்பவர்கள் 2.0 என்ற பெயரையே விலக்கி, அதை 2.1க்குள் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார்கள். இதனால் 18 கிகாபிட் போர்ட்டில் புதிய வசதி ஏதாவது ஒன்று இருந்தாலும் 2.1 என்று போட்டுக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. மறுபக்கம், 48 முழுமையாக இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிளேஸ்டேஷன் 5 அனுப்புவதே 32 கிகாபிட்வரைதான். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 40.

உண்மையைக் கண்டுபிடிக்க விற்பனையாளரைக் கேட்பதைவிட, நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலின் பயனர் கையேட்டை இறக்கிப் பாருங்கள். பின்பக்கங்களில் ஏற்கும் வீடியோ சிக்னல்கள் பட்டியல் இருக்கும். அதில் 3840 × 2160, அதாவது 4கே, என்ற வரிக்கு நேரே 120 ஹெர்ட்ஸ் இருக்கிறதா? இருந்தால் சரி. 1920 × 1080, 2560 × 1440 வரிகளில் மட்டும் 120 இருந்து, 3840 × 2160 வரி 60இல் நின்றுவிட்டால், அது மேலே சொன்ன மூன்றாம் ரகம்.

அதே பட்டியலில் எந்தெந்த போர்ட் என்பதையும் கவனியுங்கள். நான்கு போர்ட் உள்ள பல டிவிகளில் இரண்டுதான் 120 தாங்கும். அந்த இரண்டில் ஒன்றே, சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் ஈ-ஆர்க் போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பாரை அதில் செருகினால் மிஞ்சுவது ஒன்று. நாளைக்கு இன்னொரு கன்சோலோ கணினியோ வரும் என்றால் நான்கும் முழு வேகத்தில் உள்ள மாடலைத் தேடுங்கள்.

சரி, 120 தேவைதானா? 60இல் மட்டும் ஓடும் கேம்களே விளையாடுவீர்கள் என்றால் அவசரமில்லை. ஆனால் பல கேம்களில் இப்போது நொடிக்கு 40 பிரேம் (படச்சட்டம்) தேர்வு வருகிறது. 120ஐ 40 மீதியின்றி வகுக்கும், 60ஐ வகுக்காது. அதனால் அந்தத் தேர்வே 120 டிவிக்குத்தான். கேமின் பிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதியும் சேர்ந்தால் பிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழியாது. பிளேஸ்டேஷன் 5இல் இது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். படத்துக்கும் லாபம் உண்டு. சினிமா நொடிக்கு 24 பிரேம். 120இல் ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து முறை வரும். 60இல் ஒன்று மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வந்தால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் ஒரு விக்கல் தெரியும். 60 டிவிகளில் சில 48க்கு இறங்கி இதைச் சமாளிக்கும், எல்லாம் அல்ல.

கேள்வி: ஓஎல்இடி வாங்கினால் படம் எரிந்து பதிந்துவிடும் என்கிறார்கள். மினி எல்இடி வாங்கினால் எழுத்தைச் சுற்றி வெளிச்சம் பரவும் என்கிறார்கள். க்யூஎல்இடி என்று வேறு ஒன்று. எதை எடுப்பது?

பதில்: க்யூஎல்இடியை முதலில் ஒதுக்கிவிடலாம். பெயர் ஓஎல்இடி போல ஒலித்தாலும், அது குவாண்டம் டாட் படலம் சேர்த்த எல்சிடிதான். நிறம் நன்றாக இருக்கும். கறுப்பு எப்படி இருக்கும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. பின்விளக்கு ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, திரை முழுக்கப் பரப்பி மண்டலம் மண்டலமாக அணைக்க முடிகிறதா என்பதே கேள்வி. ஓரவிளக்கு டிவியில் இரவுக் காட்சி சாம்பல் பூத்துத்தான் தெரியும்.

எல்சிடிக்குள்ளும் இரண்டு சாதி உண்டு. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் சுமார் 1000க்கு 1. விஏ பேனலில் 3000க்கு மேல். ஐபிஎஸ் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, விஏ வெளுக்கும். நேராக உட்கார்ந்து பார்ப்பவருக்கு விஏதான். ஒரே மாடல் பெயரில் அளவுக்கு அளவு பேனல் மாறுவதும் உண்டு. 55 அங்குலத்தைப் பற்றிப் படித்த விமர்சனம் 50 அங்குலத்துக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

மினி எல்இடி என்பது அந்தப் பின்விளக்கை மிகச் சிறிய விளக்குகளாக்கி நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான மண்டலங்களாகப் பிரிப்பது. மண்டலம் எத்தனை இருந்தாலும் பிக்ஸல்களைவிடக் குறைவுதானே. இருட்டுக் காட்சியின் கீழே வெள்ளை சப்டைட்டில் வந்தால், எழுத்தைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒளி எழும். சப்டைட்டில் நிறத்தைச் சாம்பலாக்கினால் பெருமளவு அடங்கும். நேர்மாறாக, ஜன்னல் வெளிச்சம் அடிக்கும் கூடத்தில் பகல் கிரிக்கெட் பார்க்க இதற்கு ஈடு கிடையாது.

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்ஸலும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு கறுப்பாகவே இருக்கும். பிக்ஸல் நிறம் மாறும் நேரமும் ஒரு மில்லிநொடிக்குள்தான், அதனால் வேகமான கேமில் இழுவைத் தடம் இல்லை. குறைகள்: திரை முழுதும் வெள்ளையானால் மங்கும். 24 பிரேம் படத்தில் ஒவ்வொரு பிரேமும் 41.7 மில்லிநொடி அசையாமல் நின்று அடுத்ததற்குத் தாவுவதால், நிதானமான காட்சிகளில் துள்ளல் தெரியும். எல்சிடியின் மந்தம் இதை மறைத்துவிடுகிறது! அந்தத் துள்ளலைக் குறைக்கும் 'டீ-ஜடர்' அளவை 10க்கு 1 அல்லது 2 வைத்தால் போதும்.

பதிவது உண்மைதான், ஆனால் ஒரு நாளில் நடப்பதில்லை. ஒரே இடத்தில் பிரகாசமாக நிற்கும் சேனல் லோகோ, கேமின் உயிர்ப்பட்டை, வரைபடம் போன்றவை ஆயிரக்கணக்கான மணிநேரம் சேரும்போது அந்த பிக்ஸல்கள் மற்றவற்றைவிட முன்பே தேய்கின்றன. பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு: ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைப்பது. பல ஓஎல்இடி டிவிகள் மொத்தம் நான்கு மணி நேரம் ஓடியபின், ஸ்டாண்ட்பையில் சில நிமிடங்கள் பிக்ஸல்களைச் சரிசெய்துகொள்ளும். மின்சாரமே இல்லையென்றால் அது எப்படி நடக்கும்? ரிமோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாள் முழுதும் செய்திச் சேனல் ஓடும் வீடு, வெளிச்சமான அறை என்றால் விஏ பேனலுள்ள மினி எல்இடி. மாலைக்குமேல் விளக்கைக் குறைத்துப் பார்ப்பவர், பலவகை கேம்கள் விளையாடுபவர் என்றால் ஓஎல்இடி. இடையில் தவிப்பவர் அறையின் ஜன்னலைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

கேள்வி: புது டிவியில் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். பழைய டிவியில் இப்படி இல்லை. டிவியே கோளாறா?

பதில்: பெரும்பாலும் கேம் மோட் அணைந்திருக்கும். படத்தை மென்மையாக்க, இரண்டு பிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றை டிவி செய்கிறது. அதற்கு அடுத்த பிரேம் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். 60இல் ஒரு பிரேம் என்பது 16.7 மில்லிநொடி, அப்படிச் சிலவற்றைச் சேர்த்து வைத்தால் தாமதம் 100ஐத் தாண்டுவதும் உண்டு. கேம் மோடில் இந்த வேலைகள் நின்று, நல்ல டிவிகளில் 60இல் 10 முதல் 15 மில்லிநொடிக்கு இறங்கும். 120இல் இன்னும் குறையும்.

ஏஎல்எல்எம் என்ற வசதி இருந்தால் கேம் தொடங்கியதும் டிவி தானாக அந்த மோடுக்குப் போகும். படத்துக்கு பிலிம்மேக்கர் மோட் அல்லது சினிமா மோட். இரண்டின் அமைப்புகளும் டிவியில் தனித்தனியாக இருக்கட்டும். கணினி இணைத்தால் அந்த போர்ட்டுக்கு 'பிசி' என்று பெயர் வையுங்கள். பல டிவிகளில் அந்தப் பெயர் வைத்தால்தான் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாகும்.

விஆர்ஆர் போட்டபின் இருட்டுக் காட்சி துடிக்கிறதா? ஓஎல்இடியிலும் சில விஏ பேனல்களிலும் இது வரும். பிரேம் வேகம் தடுமாறும்போது ஒளி அளவும் சற்று மாறுகிறது. சர்வீஸை அழைத்துப் பயனில்லை. அந்த கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணைத்து 60இல் விளையாடுங்கள்.

கேள்வி: எச்டிஆர் போட்டால் படம் மங்கலாகிறது, அணைத்தால் பளிச்சென்று இருக்கிறது. இதற்குத்தானா காசு கொடுத்தோம்?

பதில்: எச்டிஆர் என்பது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டும் பட முறை. பல எச்டிஆர் படங்களின் உச்ச ஒளி 1000 நிட்டுக்கு (நிட் என்பது திரை ஒளியின் அலகு) அமைக்கப்பட்டிருக்கும். 300 நிட் மட்டுமே தரும் டிவி அதைச் சுருக்கிக் காட்டியாக வேண்டும். சுருக்கும்போது நடுத்தர ஒளியும் சேர்ந்து அமுங்குகிறது. 'எச்டிஆர் ஏற்கும்' என்பது வேறு, 'எச்டிஆர் காட்டும்' என்பது வேறு. வாங்குமுன் விமர்சனங்களில் அளந்து போட்ட நிட் எண்ணைப் பாருங்கள். 600க்குக் கீழே என்றால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஓஎல்இடிக்கு மட்டும் இந்தக் கணக்கில் சலுகை உண்டு, கறுப்பு ஆழமாக இருப்பதால் குறைந்த ஒளியே எடுத்துத் தெரியும்.

வாங்கியாயிற்று என்றால் அமைப்பைச் சரிபாருங்கள். டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் சிக்னலை மேம்பட்ட நிலைக்கு மாற்ற வேண்டும். எல்ஜியில் இது டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ் என்ற பெயர்களில் இருக்கும். எச்டிஆருக்கு, ஒளியைச் சுருக்கும் வேலையைக் கன்சோலுக்கே விட்டுவிடும் எச்ஜிஐஜி தேர்வு இருந்தால் கேம் மோடில் அதைப் போடுங்கள். பிறகு பிளேஸ்டேஷன் 5இல் அமைப்புகள், திரையும் வீடியோவும் பகுதிக்குள் எச்டிஆர் சரிசெய்தல் வரும். மூன்று திரைகள். முதல் இரண்டில், நடுவிலுள்ள குறி இதோ மறைகிறது என்னும் நிலைவரை ஒளியைக் கூட்டுங்கள். மூன்றாவதில் குறைத்துக்கொண்டே போய், குறி மங்கலாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். டிவி அமைப்பை முதலில் முடித்தபின்னே இதைச் செய்ய வேண்டும்; வரிசை மாறினால் அளவு தவறிவிடும். கடைசியாக வீடியோ வெளியீட்டுத் தகவல் பக்கத்தைத் திறந்து, எத்தனை ஹெர்ட்ஸ், எச்டிஆர் உண்டா என்று பாருங்கள்.

எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷனை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். படங்களுக்கு அது நல்லது; ஆனால் பிளேஸ்டேஷன் 5 அதை அனுப்புவதில்லை, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் அனுப்பும். சாம்சங் டிவிகளில் அந்த வசதியே கிடையாது, எச்டிஆர்10 பிளஸ் என்ற வேறு வகைதான்.

கேள்வி: சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே 2.5 மீட்டர். 55 போதுமா?

பதில்: மனக்கணக்கு ஒன்று. அங்குல அளவை 3ஆல் பெருக்கினால், திரையரங்கம் போல நிறைந்து தெரியும் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 4ஆல் பெருக்கினால் சாவகாசமாகப் பார்க்கும் தூரம். 55க்கு 165 முதல் 220 வரை, 65க்கு 195 முதல் 260 வரை. உங்கள் 250க்கு 65. ஆனால் அதன் கால்கள் இரு ஓரங்களிலும் இருக்கும் மாடலானால், வாங்குமுன் மேசையின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

கேள்வி: கேபிளுக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும்?

பதில்: 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்று முத்திரை உள்ளதா என்பதே கணக்கு, தங்க முலாம் அல்ல. கன்சோலுடன் பெட்டியில் வந்த கேபிளே அந்த ரகம், அதையே போடுங்கள். மூன்று மீட்டர்வரை சாதாரண செப்புக் கேபிள் பிரச்சினை தராது. அதற்குமேல், குறிப்பாக சுவருக்குள் புதைப்பதானால், ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் மூலம், மறுமுனையில் திரை என்று அச்சிட்டிருக்கும். மாற்றிப் புதைத்துவிட்டால் கறுப்புத் திரைதான். புதைக்குமுன் வெளியிலேயே இணைத்து, 4கே 120இல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நடுவே ஓரிரு நொடி திரை அணைந்து மீண்டால் அந்தக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.