வாசகர் கேள்விகள்: வட்டத்துக்குள் நின்று ஆடிய காலம்

எண்பதுகளில் நவீன நாடகக் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சென்றதைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் சொல்கிறேன்.

மேடையும் திரையும் விளக்கும் இல்லாமல் நாடகம் போடலாம் என்ற துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? (தேனி வாசகர்)

துணிச்சல் பாதி, கையில் காசில்லாமை பாதி. 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறை, மேடையில் நின்று வசனம் ஒப்பிப்பதுதான் நடிப்பு என்றிருந்த பலருக்கு உடம்பையும் வெளியையும் பற்றி யோசிக்கக் கற்றுக்கொடுத்தது. அதே ஆண்டில் ந. முத்துசாமி முதலானோர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில் சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷாவும் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் என இரு குழுக்கள் வந்தன. 1980இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பட்டறைதான் எங்களைப் போன்ற சிறு குழுக்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது என்பேன். அதில் நான் கலந்துகொள்ளவில்லை. கலந்துகொண்டு திரும்பியவர்கள் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைக் கேட்டுப் பழகியவர்கள்தான் நாங்கள்.

சர்க்கார் நகரமைப்புப் பொறியாளராக வேலை பார்த்தவர். அவருடைய வாதத்திலும் ஒரு பொறியாளரின் கணக்கு இருந்தது. அரங்க வாடகை, காட்சியமைப்பு, ஒளியமைப்பு ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு டிக்கெட் விற்க வேண்டும், டிக்கெட் விற்றால் அதை வாங்கக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள். ஆகவே செலவு வைப்பவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு நடிகனின் உடலையும் பார்வையாளரின் அருகாமையையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கல்கத்தாவின் கர்சன் பூங்காவில் அவருடைய சதாப்தி குழு அப்படித்தான் கட்டணமின்றி நடித்தது.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையைப் போலத்தான் உங்கள் வாழ்க்கையும் இருந்ததா? எங்கே தங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்? (கும்பகோணம் வாசகி)

இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில் சிறுவர்கள் முதலாளியின் பொறுப்பில் தங்கி, உண்டு, பாடம் கற்று, ஓர் ஊரில் மாதக்கணக்கில் முகாமிட்டு ஆடினார்கள். நாங்களோ வங்கி எழுத்தர், பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர், ஓர் அச்சுக்கூடத் தொழிலாளி என்று வேறு வேறு பிழைப்பு உள்ளவர்கள். சனிக்கிழமை மதியம் புறப்பட்டு ஞாயிறு இரவு கடைசிப் பேருந்தில் திரும்புவதுதான் வழக்கம். கோடை விடுமுறையில் மட்டும் தொடர்ந்து சில நாட்கள் சுற்றினோம்.

சுமை என்று ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு பறையும், சில மூங்கில் கழிகளும்தான். எல்லாருக்கும் கறுப்பு ஜிப்பா, கறுப்புக் கால்சட்டை. அமைச்சரும் அதுவே, ஆட்டுக்குட்டியும் அதுவே. பறைக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று நடத்துநர்களோடு நடந்த வழக்குகளைத் தனியே எழுதலாம். தங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில். அழைத்த சங்கத்தார் உப்புமாவோ சாம்பார் சாதமோ செய்து தருவார்கள். வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்து அனுப்பும் ஊர்களில் சாப்பாடு இன்னும் நன்றாக இருக்கும். பாத்திரம் கழுவுவதும் தரை கூட்டுவதும் முறை வைத்துச் செய்தோம். அந்த முறைப்பட்டியலில் இயக்குநரின் பெயரும் இருந்தது என்பதை, பிற்காலத்தில் சில பெரிய குழுக்களைப் பார்த்த பிறகு, பெருமையாகவே நினைக்கிறேன்.

குழுவில் பெண்கள் இருவர். ஆண்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பெண்களோ ஒவ்வொரு பயணத்துக்கும் வீட்டில் ஒரு விசாரணையைக் கடந்து வந்தார்கள். ஊரில் தங்கும் இடம் தெரியாமல் அவர்கள் புறப்படவே முடியாது. ஆகவே நாங்கள் போன ஊர்களில் பாதியை, எங்கள் கலைக்கொள்கை எதையும் கேளாமல், கழிப்பறையும் தாழிடக்கூடிய ஓர் அறையும் இருந்தனவா என்பதே முடிவு செய்தது. பரிசோதனை நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

கிராமத்து மக்களுக்கு இந்த நாடகங்கள் புரிந்தனவா? (சேலம் வாசகர்)

இக்கேள்வியை நகரத்தார்தான் அதிகம் கேட்கிறார்கள். இரவு முழுதும் தெருக்கூத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரே ஆள் மரமாகவும் நீதிபதியாகவும் மாறுவதில் குழப்பம் ஏதும் இல்லை; கூத்தில் கதை சொல்லும் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருவதை அவர்கள் சிறு வயதிலிருந்தே பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சலித்தவை எங்கள் நீண்ட மௌனங்கள்தான். அரங்கில் ஒருவர் எழுந்து போனால் இருமலோடு முடிந்துவிடும். தெருவில் பத்துப் பேர் நகர்ந்தால் பார்வையாளர் சுற்றி நிற்கும் வட்டமே உடைந்துபோகும். அப்படி உடைந்த இடங்களை இரவோடு இரவாகப் பேசி, மறுநாள் அடுத்த ஊரில் சுருக்கியோ பாட்டாக்கியோ ஆடினோம். வருடக் கடைசியில் நாடகத்தின் பிரதியைத் திரும்ப எழுதியபோது முதல் வடிவத்திலிருந்து அதிகம் மிஞ்சவில்லை.

ஆனால் புரிதலைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று: எங்கே ஆடுவது? காற்றுக்கு எதிராக நிற்கக் கூடாது, குரல் சிதறாமல் இருக்க முதுகுப்புறம் ஒரு சுவர் வேண்டும், சாயும் வெயில் பார்ப்பவர் கண்ணில் விழக் கூடாது என்பவற்றையெல்லாம் சில பயணங்களிலேயே கற்றுக்கொண்டோம். கோயில் முன்பிருந்த மந்தையில் வட்டம் போட்டால் காலனி மக்கள் வரமாட்டார்கள், வந்தாலும் தொலைவில் நிற்பார்கள் என்பதும், காலனியில் ஆடினால் ஊர்த்தெருவிலிருந்து சிறுவர்கள் மட்டுமே எட்டிப்பார்ப்பார்கள் என்பதும் அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படவில்லை. எங்கள் நாடகமோ சமத்துவம் பேசியது. இடம் காட்டுகிறவர் யார், அவர் எந்தத் தெருக்காரர் என்பதிலேயே பார்வையாளர் யார் என்பது தீர்மானமாகிவிடும். பள்ளி மைதானமும் பேருந்து நிறுத்தமும் ஓரளவுக்குப் பொது. அவை இல்லாத ஊரில் காலனியில்தான் ஆடுவது, அங்கேதான் சாப்பிடுவது என்று பின்னர் முடிவெடுத்தோம். அதனால் எங்களை அழைப்பதை நிறுத்திக்கொண்ட ஊர்களும் உண்டு. அக்காலத்தில் நாங்கள் செய்த பரிசோதனைகளுள் உண்மையிலேயே விளைவு தெரிந்தது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். உடல்மொழிப் பயிற்சிகள் எல்லாம் இதற்குப் பின்புதான்.

வருமானம்? (திருநெல்வேலி வாசகர்)

ஆட்டம் முடிந்ததும் துண்டு ஏந்துவோம். விழுந்தது பேருந்துக் கட்டணத்துக்குப் போதும், சில நேரம் போதாது.

காவல் துறையால் தொல்லை இருந்ததா? (சென்னை வாசகி)

தடியடி பட்டோம் என்று வீரம் பேச என்னிடம் ஒன்றுமில்லை. 1989 ஜனவரி 1ஆம் தேதி தில்லியை அடுத்த சாகிபாபாத்தில் தெருவில் நடித்துக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்த தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியையும், அதற்கடுத்த சில நாட்களிலேயே அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை ஆடி முடித்த அவர் மனைவி மாலாஸ்ரீயையும் நினைத்தால் எங்கள் தொல்லைகள் தொல்லைகளே அல்ல.

எங்களை வாட்டியது காகிதம். 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டப்படி நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது; எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே அது கொண்டுவரப்பட்டது என்று நாடக உலகில் பரவலாகச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் மாறும் பிரதியை எப்படி எழுதிக்கொடுப்பது? கொடுத்த பிரதிக்கும் ஆடியதற்கும் தொடர்பு இல்லை என்று கண்டுபிடிக்குமளவு எந்தக் காவலரும் முழு நாடகத்தையும் நின்று பார்க்காததால் தப்பித்தோம். ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. எங்கள் குழு அதற்கு வெகு முன்பே, ஒருவருக்குப் பணிமாற்றல், ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்குச் சினிமா என்று கலைந்துவிட்டிருந்தது.